சந்தேக முட்டை

குஞ்சு பொரிப்பகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை; லைட்டக்கா என்றால்தான் தெரியும். இருட்டறையில் நின்றுகொண்டு, முட்டை அடுக்கிய ட்ரேயை விளக்குப் பலகையின்மேல் வைத்து, எதற்குள் கரு வளர்கிறது, எது வெறும் முட்டை, எது அழுகல் என்று பார்த்துச் சொல்வது அவள் உத்தியோகம். சிவப்பு நரம்பு ஓடினால் உயிர். தெளிந்த மஞ்சளாக ஒளிர்ந்தால் வெறுமை. கலங்கிக் கருத்திருந்தால் அழுகல். இந்த மூன்றிலும் சேராத நான்காவது ரகம் ஒன்று உண்டு. நரம்பு இருப்பது போலவும் இருக்கும், இல்லாதது போலவும் இருக்கும். அதுதான் சந்தேக முட்டை.

அதற்கான சட்டம் இருட்டறைக் கதவில் சிவப்புச் சாயத்தில் எழுதப்பட்டிருந்தது: "சந்தேகமா? தூக்கு." சட்டத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. முட்டைகள் அடைகாக்கும் சூட்டறைக்குள் ஒரே ஒரு அழுகல் வெடித்தால் அக்கம்பக்கத்து முட்டைகளும் சேர்ந்து கெடும். நாற்றம் மேலாளரின் மூக்கு வரைக்கும் போகும். நீதிமன்றங்கள்கூட வாய்தா கொடுக்கும். லைட்டக்கா கொடுத்ததில்லை. பார்ப்பாள், விரல் இறங்கும், முட்டை வாளிக்குப் போகும். அவள் கை ஒரு தடவை நடுங்கிப் பார்த்ததாகச் சொல்ல அந்தக் கட்டடத்தில் ஆள் கிடையாது.

வீட்டுக் கதை வேறு. கல்யாணமான புதிதில் "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று சொந்தபந்தம் முறை வைத்துக் கேட்டது. பிறகு ஜாடையாகக் கேட்டது. பிறகு பரிதாபமாகப் பார்த்தது. ஆண்டுகள் ஓட ஓட, கேட்டுக் கேட்டு வாய் வலித்து, ஊரே ஓய்ந்துவிட்டது. கேள்வி நின்றதே ஒரு வரம் என்று அவளும் அவள் கணவனும் எடுத்துக்கொண்டார்கள். அவன் மோட்டார் காயில் சுற்றுகிறவன். பட்டறையில் எரிந்துபோன மோட்டாரோடு பேசுவான். வீட்டில் பேசுவது குறைவு. குடும்பத்தின் சார்பாகப் பேசும் பொறுப்பை அவன் அக்கா ஏற்றுக்கொண்டிருந்தாள். அந்த நாத்தனார் முன்னொரு காலத்தில் ஒரு மருந்துக்கடையில் பில் போட்டவள். மாத்திரை அட்டைகளின் பெயரைப் படித்துப் படித்தே பட்டம் வாங்காத வைத்தியராகிவிட்டாள். எந்த நோய்க்கும் அவளிடம் மருந்து இருந்தது. எந்த மருந்துக்கும் அவளிடம் பயமும் இருந்தது.

இப்படியிருக்க, அந்த வட்டாரத்தில் தட்டம்மையும் ருபெல்லாவும் பரவத் தொடங்கின. சுகாதாரத் துறையினர் பொரிப்பகத்தின் சாப்பாட்டு அறையில் மேசை போட்டு, இரண்டுக்கும் சேர்ந்த தடுப்பூசி போட வந்தார்கள். பெண்கள் வரிசையில் நின்றார்கள். கறாரான நர்ஸ் ஒருத்தி ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"கர்ப்பமா இருக்கீங்களா?"

"நானா?" என்றாள் லைட்டக்கா. "தினமும் ஆயிரக்கணக்குல பொரிச்சு அனுப்புறேன் சிஸ்டர். சொந்தத்துல ஒண்ணுகூட தேறல."

வரிசை கொல்லென்று சிரித்தது. "இருக்க வாய்ப்பு உண்டா?" என்ற நர்ஸின் இரண்டாவது கேள்வி அந்தச் சிரிப்பின் அடியில் நசுங்கிச் செத்தது. ஊசி இறங்கியது. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவள் இருட்டறைக்குத் திரும்பினாள்.

சில வாரங்கள் கழித்து அவளுக்கு அழுகிய முட்டை நாற்றம் குமட்டியது. பொரிப்பகத்தின் சரித்திரத்தில் இது பெரிய நிகழ்ச்சி. அழுகலின் நடுவில் நின்று பன் சாப்பிட்டவள் அவள். ட்ரே கழுவுகிற பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா, உங்களுக்கே நாத்தம் தெரியுதா? உலகம் அழியப்போகுதுன்னு அர்த்தம். இல்லன்னா வேற அர்த்தம். போங்க, மொதல்ல டெஸ்ட் அட்டை வாங்கிப் பாருங்க."

அட்டையில் இரண்டு கோடு. லைட்டக்கா அதை இருட்டறைக்குக் கொண்டுபோய் விளக்குப் பலகையின்மேல் வைத்தும் பார்த்தாள். அப்போதும் இரண்டு கோடுதான். கணவனுக்குப் போன் செய்தாள். மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை அவன் நிறுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "நிஜமா?" என்றான். அவ்வளவுதான் அவனுக்கு வந்தது. அதுவே அவளுக்குப் போதுமாயிருந்தது.

அந்தச் சந்தோஷம் மறுநாள் டீ நேரம் வரை நீடித்தது. ட்ரேக்காரி விரல் மடக்கி ஏதோ கணக்குப் போட்டாள். அவள் முகம் மாறியது.

"அக்கா... அப்போ ஊசி போட்டப்பவே உள்ள இருந்திருக்குமே?"

டம்ளர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மேசைக்கு இறங்கின. முட்டைக்குத் தடுப்பூசி போடும் இயந்திரத்தை ஓட்டுகிற மெஷின்காரர் தொண்டையைச் செருமினார். இனி நடந்தது ஒரு மருத்துவ மாநாடு. பங்கேற்ற அனைவரும் கோழித் துறையைச் சேர்ந்தவர்கள்.

"அது என்ன மருந்து? செத்ததா, லைவா?"

"லைவ்னுதான் அந்த சிஸ்டர் சொன்னாங்க. வீரியத்தைக் குறைச்ச கிருமியாம்."

"லைவா!" மெஷின்காரர் தலையில் கை வைத்தார். "நாம முட்டைக்கு எப்போ ஊசி போடறோம்? பொரியப் போற கடைசி நேரத்துல. முதல் வாரத்து முட்டைகிட்ட என் மெஷின் போகுமா? போன வருஷம் ஒருத்தன் ட்ரே மாத்தி விட்டான், ஞாபகம் இருக்கா? அந்த ட்ரே வண்டி மொத்தமும் வீண்."

"மொத்தமும்?"

"ஒண்ணு விடாம."

அத்தோடு மாநாடு தீர்மானம் நிறைவேற்றிவிட்டது. மனுஷிக்கும் முட்டைக்கும் ஓடு ஒன்றுதான் வித்தியாசம் என்பதுபோல எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். எல்லோர் கண்ணும் இருட்டறைக் கதவின் சிவப்பு எழுத்துக்குப் போய்த் திரும்பியதை அவள் கவனித்தாள். அவள் கண்ணும் அங்கேதான் போயிருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அன்று கோழி டாக்டர் வருகிற நாள். ஏழு பண்ணைக்கு ஒருவரான அந்தக் கால்நடை மருத்துவரை அவள் தாழ்வாரத்தில் மடக்கினாள்.

"சார், லைவ் மருந்து ஆரம்பத்துலயே உள்ள போயிட்டா என்ன சார் ஆகும்?"

"எந்த பேட்ச்?"

"நான்தான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர். "அம்மா, லட்சம் குஞ்சுன்னா நான் சொல்வேன். அதுல ரெண்டாயிரம் போனாலும் நல்ல பேட்ச்னு கையெழுத்துப் போட்டுடுவேன். ஒரே ஒரு குஞ்சுன்னா எனக்குச் சொல்லத் தெரியாதும்மா."

இத்தனை வருஷத்தில் அவர் சொன்னதிலேயே நேர்மையான வார்த்தை அது. அவளுக்கு அதனால் காசுக்குப் பிரயோஜனமில்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே நாத்தனாரின் செருப்பு வாசலில் கிடந்தது. தம்பி அக்காவிடம் கர்ப்பத்தையும் ஊசியையும் சேர்த்தே சொல்லிவிட்டான் என்று பொருள்.

"ஏம்மா, ஊசி போடறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றாள் நாத்தனார். "கடையில இருந்தப்ப பார்த்திருக்கேன். அந்த மருந்துப் பெட்டிமேலயே எழுதியிருக்கும், கர்ப்பிணிகளுக்குக் கூடாதுன்னு."

"எனக்கே தெரியாது அண்ணி, இருக்குன்னு."

"தெரியாம குடிச்சா விஷம் சும்மா விடுமா? பிள்ளை குறையோட பிறந்தா யாரு பார்க்கறது? இத்தனை வருஷம் பொறுத்தாச்சு. இதைக் கழிச்சுட்டு இன்னொண்ணுக்குப் பார்க்கலாம்."

இன்னொன்று என்னவோ கடையில் அடுக்கி வைத்திருப்பது போலச் சொன்னாள். லைட்டக்கா கணவனைப் பார்த்தாள். அவன் கையில் ஒரு செப்புக் கம்பித் துண்டை வளைத்துக்கொண்டிருந்தான்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"அக்கா சொல்றதுல..." என்று ஆரம்பித்தான். "இல்ல, சீல் உடைச்ச மோட்டாருக்கு கம்பெனி வாரண்டி தர மாட்டான் பாரு, அந்த மாதிரி..."

"நான் மோட்டாரா?"

அவன் கம்பியை நேராக்கத் தொடங்கினான்.

மறுநாள் நாத்தனாரே அவளை ஊசி போட்ட சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனாள். நீளமான பெஞ்சு, அதைவிட நீளமான வரிசை. அதே நர்ஸ். விஷயத்தைக் கேட்டதும் முதலில் தன்னைக் காப்பாற்றிக்கொண்டாள்.

"நான் கேட்டேனே! கர்ப்பமான்னு கேட்டேன். நீங்கதான் எல்லாரையும் சிரிக்க வச்சீங்க. இந்த ஊசியைக் கர்ப்பத்துல போடக்கூடாதும்மா. ஆனா..."

"பார்த்தியா!" நாத்தனார் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள். "போடக்கூடாதுன்னு அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க. வா, போலாம்."

"அண்ணி, அவங்க இன்னும் முடிக்கல..."

"முடிச்சது போதும். எனக்குக் காது இருக்கு."

நாத்தனாருக்குக் காது இருந்தது. ஆனால் பாதி வாக்கியத்தோடு அது கதவைச் சாத்திக்கொள்ளும். வாசல்வரை இழுபட்ட லைட்டக்கா திரும்பிப் பார்த்தாள். நர்ஸ் அடுத்த குழந்தையின் தொடையைப் பிடித்திருந்தாள். அந்த "ஆனா" அந்தரத்தில் தொங்கியது.

அங்கிருந்து தனியார் கிளினிக். குளிரூட்டிய அறை, கண்ணாடி மேசை, அதற்குப் பின்னால் அதைவிட வழுக்கலான டாக்டர்.

"பாருங்கம்மா, ஆபத்து இருக்குன்னு நான் சொல்லல. இல்லைன்னும் சொல்லல. நாளைக்கு ஏதாவதுன்னா டாக்டர் சொன்னாங்கன்னு நீங்க எங்கிட்ட வரக்கூடாது பாருங்க. குடும்பத்துல கலந்து பேசுங்க. கலைக்கறதா இருந்தா வெள்ளிக்கிழமை வாங்க."

இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கும் அந்தப் பேச்சில் நாத்தனார் தனக்குத் தேவையான கதவு வழியாகப் போய், வெள்ளிக்கிழமைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் வேலையில் ஒரு சந்தேக முட்டை வந்தது. நரம்பு இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. லைட்டக்காவின் விரல் இறங்கியது. பாதி வழியில் நின்றது. தூக்கலாம். இத்தனை வருஷமும் தூக்கியிருக்கிறாள். உள்ளே ஏதாவது இருந்ததா என்று ஒரு நாளும் வாளியைத் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது விரல் மடங்க மறுத்தது. முட்டையைத் தொடாமல் ட்ரேயைச் சூட்டறைக்குத் தள்ளிவிட்டாள்.

கதையாக இருந்தால் அந்த முட்டை அழகான குஞ்சாகப் பொரிந்திருக்கும். இது கதையல்ல, கோழித் தொழில். அன்று மத்தியானமே அது சூட்டறைக்குள் வெடித்தது. சூப்பர்வைசர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"லைட்டக்கா! நீங்களா விட்டீங்க? உங்களுக்கு என்ன ஆச்சு?"

"சந்தேகமா இருந்துச்சு சார்."

"சந்தேகம்னா தூக்கணும்னு கதவுலயே எழுதியிருக்கே!"

"கதவுல எழுதினவன் இதுக்கு மேல ஏதாவது எழுதினானான்னு யோசிச்சேன் சார்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நாற்றத்தைக் கழுவச் சொல்லிவிட்டுப் போனார். கழுவும்போது அவளுக்குக் கோபம் பொங்கிப் பொங்கி வந்தது. ஊசி போட்டவள்மேல், குளிரூட்டிய டாக்டர்மேல், கம்பி வளைக்கிறவன்மேல். எல்லோரையும்விடத் தன்மேல். முட்டைக்கு நொடியில் தீர்ப்புச் சொல்கிறவள், ஒரு "ஆனா"வுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று கேட்காமல் வாசலைத் தாண்டி வந்திருக்கிறாளே. ட்ரேக்காரியிடம் குழாயைக் கொடுத்தாள்.

"எங்கக்கா கிளம்பிட்டீங்க?"

"ஒரு வாக்கியத்தோட மீதியை வாங்கிட்டு வரேன்."

இம்முறை தனியாகப் போனாள். நர்ஸ் அவளைப் பார்த்ததும் கையிலிருந்த ஐஸ் பெட்டியை மூடினாள். "அன்னைக்கு நீங்க பாதியில ஓடிட்டீங்க. நான் சொல்ல வந்ததே மீதிதான். நேரா மகப்பேறு ஆஸ்பத்திரிக்குப் போங்க. அங்க பெரிய டாக்டரம்மா இருப்பாங்க, முழுசா சொல்வாங்க."

டாக்டரம்மா களைத்துப்போனவர். மேசையில் ஆறிப்போன காபி. நிமிர்ந்துகூடப் பார்க்காமல், பலமுறை சொல்லித் தேய்ந்த குரலில் ஆரம்பித்தார்.

"கர்ப்பத்துல இந்த ஊசி போடக்கூடாது. அது முன்னெச்சரிக்கை. ஆனா..."

லைட்டக்கா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லுங்க டாக்டர். அந்த ஆனாவுக்குத்தான் வந்திருக்கேன்."

இப்போது அவர் நிமிர்ந்தார். "ஆனா தெரியாம போட்டுக்கிட்டா, அதுக்காகக் கலைக்கவே வேண்டாம். உங்களை மாதிரி தெரியாம போட்டுக்கிட்டவங்க எத்தனையோ பேரைப் பல நாட்டுல கவனிச்சுப் பார்த்திருக்காங்க. ஊசியால குழந்தைக்கு ருபெல்லாக் குறை வந்ததா ஒண்ணுகூடத் தெரிய வரல. நிஜ ருபெல்லா நோய் வந்தாதான் வயித்துப் பிள்ளைக்கு ஆபத்து. அது வரக்கூடாதுன்னுதான் ஊசியே போடறோம்."

"அப்போ குறையே வராதுன்னு எழுதித் தருவீங்களா?"

"அதை ஊசியே போடாதவங்களுக்கும் எழுதித் தர முடியாதும்மா. எந்தக் கர்ப்பத்துலயும் கொஞ்சம் ஏதாவது வரலாம். அது ஊசிக் கணக்கு இல்ல. வாங்க, ஸ்கேன் பார்ப்போம்."

ஸ்கேன் அறை இருட்டாக இருந்தது. ஒரே ஒரு திரை ஒளிர்ந்தது. இப்படிப்பட்ட அறையில் அவள் படுத்திருந்ததில்லை, நின்றிருக்கிறாள். திரையின் மூலையில் அவரைவிதை அளவு ஒன்று, அதன் நடுவில் படபடவென்று ஒரு துடிப்பு. டாக்டரம்மா வாய் திறப்பதற்குள் லைட்டக்காவின் வாய் பழக்கதோஷத்தில் முந்திக்கொண்டது.

"ஓகே. சூட்டுக்கு அனுப்புங்க."

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல டாக்டர்." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். "டாக்டர், ஒரு உதவி. என் வீட்டுக்காரருக்குப் போன் போடறேன், பக்கத்துல அவர் அக்காவும் இருப்பாங்க. இதையே சொல்லுங்க. ஆனா பின்பாதியை மொதல்ல சொல்லுங்க."

"ஏன்?"

"அவங்க வீட்டுல முதல் பாதிதான் விலைபோகும்."

டாக்டரம்மா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். போனை வாங்கினார். "கலைக்க வேண்டாம். அந்த ஊசியால குழந்தைக்குக் கெடுதல் வந்ததாத் தெரியல. இதயம் நல்லாத் துடிக்குது," என்று மூன்று செங்கல்லை வரிசையாக வைத்துவிட்டு, "போடக்கூடாதுங்கறது முன்னெச்சரிக்கைக்காக..." என்று நான்காவதை எடுத்தார். அதற்குள் மறுமுனையில் நாத்தனாரின் குரல் கேட்டது: "வேண்டாம்னு சொல்லிட்டாங்களா? சரி, பெரிய டாக்டர் சொல்லிட்டாங்க. போனை வை."

வெள்ளிக்கிழமை அவள் கிளினிக்குக்குப் போகவில்லை. அவளுக்கு முன்பே கணவன் போன் செய்து பெயரை எடுத்துவிடச் சொல்லியிருந்தான். அன்று இரவு சாப்பிடும்போது தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அந்த வாரண்டிப் பேச்சு... தப்புதான்."

"மோட்டார் மன்னிச்சுடுச்சு," என்றாள். "நான் இன்னும் யோசிக்கிறேன்."

பெண் குழந்தை பிறந்தது. அழுத அழுகையில் பிரசவ வார்டே விழித்துக்கொண்டது. காதும் கண்ணும் இதயமும் சரியாக இருப்பதாக மருத்துவர்கள் சொன்னார்கள். நாத்தனார் மட்டும் அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. குழந்தை தும்மினால் ஊசி. விக்கினால் ஊசி. தாய்மாமன் சாயலில் மூக்கு வந்ததற்கும் ஊசி. தலை நின்றது, குப்புற விழுந்தது, தவழ்ந்தது, இதெல்லாம் நம் பரம்பரை.

இவ்வளவோடு விஷயம் முடிந்திருந்தால் லைட்டக்கா நிம்மதியாக இருந்திருப்பாள். பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியவளை வாசலிலேயே மறித்தாள் பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி. அவளுக்கும் கல்யாணமாகிப் பல வருஷம்.

"அக்கா, அந்த ஊசி பேரு என்ன?"

"எந்த ஊசி?"

"பிள்ளை உண்டாகற ஊசி. உங்களுக்குப் போட்டாங்களே."

விசாரித்ததில் விவரம் தெரிந்தது. பல வருஷம் பிள்ளையில்லை, ஊசி போட்டார்கள், பிள்ளை பிறந்தது. கட்டடம் முழுக்க இதுதான் செய்தி. தலைவாசலில் இதை விநியோகம் செய்தவர், ஊசியால் கருவே போகும் என்று சொன்ன அதே மெஷின்காரர்.

"அண்ணே, ஊசி போடும்போதே நான் கர்ப்பம்! நீங்கதானே அன்னைக்குத் தலையில கை வச்சு..."

"எது முன்னாடி, எது பின்னாடின்னு யாரும்மா பார்த்தா?" என்றார் அவர், கோழிக்கும் முட்டைக்கும் நடுவில் இத்தனை காலம் வாழ்ந்த மனிதர்.

அடுத்த முகாம் வந்தது. அதே சாப்பாட்டு அறை, அதே மேசை, அதே நர்ஸ். வரிசை மட்டும் இரண்டு மடங்கு. எல்லார் முகத்திலும் நம்பிக்கை. நர்ஸ் கேள்வியைக் கேட்டாள். "கர்ப்பமா இருக்கீங்களா?"

"இருந்தாலும் பரவாயில்ல சிஸ்டர், போடுங்க," என்றாள் பேக்கிங் பெண். "ஒண்ணும் ஆகாதுன்னு பெரிய டாக்டரே சொல்லியிருக்காங்களாம்."

நர்ஸின் ஊசி காற்றில் நின்றது. அவள் கண் வரிசையில் இரண்டாவது ஊசிக்காக நின்றிருந்த லைட்டக்காவைத் தேடிப் பிடித்தது. இது உன் வேலைதானே என்று கேட்டது அந்தப் பார்வை. பின்பாதியை முன்னால் வைத்தவள், முன்பாதி எங்கே போய் விழும் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

லைட்டக்கா முன்னால் வந்தாள்.

"ஏய், முழுசாக் கேளுங்கடி. கர்ப்பம்னா போடக்கூடாது. போட்ட அப்புறம் ஒரு மாசம் உண்டாகாம பார்த்துக்கணும். தெரியாம போட்டுட்டா பயப்படாதீங்க, கலைக்காதீங்க. ரெண்டும் சேர்ந்துதான் ஒரு வாக்கியம். பாதியை வெட்டி வீட்டுக்குக் கொண்டுபோறவ எவளோ, அவளை வாளியில தூக்கிப் போடுவேன்."

"அப்போ பிள்ளை உண்டாகாதா அக்கா?" என்றாள் பேக்கிங் பெண், குரல் இறங்கிப்போய்.

"அம்மை வராதுடி. அதுக்குத்தான் ஊசி. பிள்ளைக்கு வேற டாக்டர், நானே கூட்டிட்டுப் போறேன். சந்தேகம் இருக்கறவங்க எல்லாம் இந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க. டெஸ்ட் அட்டை சிஸ்டர்கிட்ட இருக்கு."

முணுமுணுத்துக்கொண்டே நான்கைந்து பேர் வரிசையிலிருந்து விலகினார்கள். நர்ஸ் பெருமூச்சு விட்டாள். பிறகு, வேலை வேலைதானே, லைட்டக்காவையே நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்களுக்கும் அதே கேள்விதான். கர்ப்பமா இருக்கீங்களா?"

வரிசை சிரிக்கத் தயாரானது. லைட்டக்கா பழைய கேலியை விழுங்கிக்கொண்டாள்.

"தெரியாது சிஸ்டர்," என்று சொல்லிவிட்டு, மேசையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு கழிவறைப் பக்கம் நடந்தாள்.